ஒற்றைச் செருப்பின் விலை

திருப்புலிவனம்
27-5-1963

அம்மா அவர்களுக்கு எல்லப்பன் எழுதுவது.

பட்டறைச் சாவியை உங்கள் மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் ஊருக்கு வந்துவிட்டேன். ஏழு வருடம் உங்கள் சங்கத்தில் செருப்பு தைத்தவன் அப்படிப் போனது தப்புதான். நேரில் நின்றால் உங்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாயடைத்துப் போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை உத்திரமேரூரில் வழக்கம்போல நம் வைத்தியம் நடந்தது. மாத்திரை ஒரு பக்கம், புண்ணுக்குக் கட்டு ஒரு பக்கம், செருப்பு மேஜையில் நான். எங்கள் காலனி செல்லாயி அக்கா டாக்டர் ஐயாவின் சீட்டோடு வந்தாள். அவளை உங்களுக்குத் தெரியும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். பெருவியாதி என்று தெரிந்த மறுவாரமே புருஷன் விட்டுப் போனான். இரண்டு பாதத்திலும் உணர்ச்சி கிடையாது. பழைய செருப்பு அடி ஓட்டையாகி வாரும் அறுந்துபோனதால் வெறுங்காலோடு வந்திருந்தாள். சீட்டில் ‘செருப்பு அவசியம்’ என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார் டாக்டர்.

“ஒண்ணரை ரூபா கீது எல்லப்பா. மிச்சத்த சொர்ணவாரி அறுப்புல குட்த்துடறேன்” என்றாள்.

விலை நாலரை ரூபாய். கடன் கிடையாது என்பது சங்கத்தின் சட்டம். அதைப் பலகையில் எழுதி மாட்டியவனே நான்தான். “முழுசும் கொண்டா அக்கா, அப்பறம் அளவெடுக்கறேன்” என்று சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “காலுதானே, எங்க ஓடிப்பூடும்” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அப்போது மணி பன்னிரண்டு. கத்திரி வெயில். அங்கிருந்து எங்கள் ஊருக்கு இரண்டு மைல். தார் உருகிக் கிடந்தது. உணர்ச்சியுள்ள காலாக இருந்தால் பத்தடி வைப்பதற்குள் துள்ளிப் புல்லில் ஏறியிருக்கும். அவளுக்கு என்ன தெரியும்? இரண்டு மைலும் நடுரோட்டிலேயே நடந்திருக்கிறாள். சனிக்கிழமை நான் ஊருக்கு வந்தபோது பார்த்தேன். வலது உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் கிழிந்து, தோல் சுருண்டு, அதில் தார் ஒட்டியிருந்தது. “வலியே இல்ல, நாத்தந்தான் அடிக்குது” என்கிறாள்.

அம்மா, அந்தச் செருப்புக்கு ரப்பர், வார், நூல், பசை, என் கூலி எல்லாம் சேர்த்தாலும் இரண்டு ரூபாயைத் தாண்டாது. வெட்டித் தைக்கிறவனுக்குத் தெரியாதா? மேலே வைத்திருக்கும் இரண்டரை ரூபாயை யாரிடம் வாங்குகிறோம்? பொழுதுக்கும் சேற்றில் குனிந்து முக்கால் ரூபாய் கூலி வாங்குகிறவளிடம். கடைக்காரன் இலாபம் வைத்தால் அவன் பெயர் கடைக்காரன். நம் பெயர் குஷ்ட நிவாரண சங்கம். வித்தியாசம் பலகையில் மட்டும்தானா?

நோயாளிகளுக்கு அடக்க விலைக்குக் கொடுங்கள். அதுவும் முடியாதவர்களுக்குச் சும்மா கொடுங்கள். அப்படியென்றால் நாளைக்கே வந்து பட்டறையைத் திறக்கிறேன். இல்லையென்றால் அந்த மேஜையில் இனி என்னால் உட்கார முடியாது.

எல்லப்பன்


காஞ்சிபுரம்
3-6-1963

எல்லப்பனுக்கு,

உன் கடிதம் வியாழனன்றே வந்தது. கோபத்தில் எழுதினால் பிறகு வருந்த நேரும் என்று நாலு நாள் காத்திருந்தேன். கோபம் குறைவதாக இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

உனக்குப் பதினெட்டு வயதில் உன் அண்ணன்மார் உன்னை மாட்டுக்கொட்டகையில் தள்ளி, ஓலைத் தட்டியால் அடைத்து வைத்திருந்தார்கள். அந்தத் தட்டியை விலக்கியது யார் என்று நினைவூட்ட எனக்கு விருப்பமில்லை. உன் காலிலிருந்து புழுவை எடுத்தது இந்தக் கைதான். அந்தக் காரியத்துக்காக என் பிள்ளைகள் இன்றுவரை எனக்குத் தனித் தட்டில்தான் சாப்பாடு போடுகிறார்கள். அதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. நீயோ என்னைக் கடைக்காரி என்கிறாய்.

செருப்பு கொடுக்கத் தொடங்கிய முதல் வருடம் இலவசமாகத்தான் கொடுத்தோம். என்ன ஆயிற்று? சந்தையில் நம் கறுப்புச் செருப்பு பன்னிரண்டு ஜோடி விலைக்குக் கிடந்ததை நானே என் கண்ணால் பார்த்தேன். நோயாளிகளிடம் ஜோடி பன்னிரண்டணாவுக்கு வாங்கியதாகச் சந்தைக்காரன் சொன்னான். வெறுங்காலோடு திரும்பி வந்து, புதுப் புண்ணைக் காட்டி, மறுபடியும் செருப்பு கேட்டார்கள். காசு கொடுத்து வாங்கினால்தான் மனிதன் ஒரு பொருளைப் பாதுகாக்கிறான். இது நான் படித்துச் சொல்வதல்ல, பட்டுச் சொல்வது.

நீ சொல்லும் இரண்டரை ரூபாய் என் பெட்டிக்கா போகிறது? மாத்திரை சர்க்கார் தருகிறது. பஞ்சு, கட்டுத் துணி, புண்ணுக்குக் கட்டும் டிரஸ்ஸரின் சம்பளம், வேனுக்குப் பெட்ரோல் இவற்றை யார் தருகிறார்கள்? பொங்கலுக்குப் பத்து வேட்டி கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளும் தனவந்தர்களிடம் பெட்ரோலுக்குக் கேட்டுப் பார். செல்லாயி கொடுக்கும் காசுதான் செல்லாயியின் புண்ணுக்குக் கட்டாகத் திரும்பிப் போகிறது. இதில் எனக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

செருப்பு மேஜையில் உனக்குப் பதிலாகத் தாமோதரனை உட்கார வைத்திருக்கிறேன். தற்காலிகமாகத்தான். அடுத்த திங்கட்கிழமைக்குள் நீ வந்தால் இந்தப் பேச்சை மறந்துவிடுவேன்.

செல்லாயி காலைத் தரையில் ஊன்றவே கூடாது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் கட்டி, வியாழக்கிழமை வரச் சொல்.

ஆண்டாளம்மாள்


திருப்புலிவனம்
10-6-1963

அம்மா அவர்களுக்கு,

இன்று திங்கட்கிழமை. நான் வரவில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சந்தையில் நீங்கள் பார்த்த பன்னிரண்டு ஜோடியில் ஒன்று என்னுடையது.

எட்டு வருடமாக இதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். அப்போது நான் பட்டறையில் சேரவில்லை, வியாழக்கிழமை வந்து மாத்திரை வாங்கிப் போகிறவர்களில் ஒருத்தன். என்னைப் பெற்ற அம்மாவுக்கு விஷக் காய்ச்சல், வீட்டில் மூன்று நாளாக உலை வைக்கவில்லை. காலில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன். நொய்யும் ஒரு பாட்டில் மருந்தும் வாங்கினேன். அம்மா அதற்குப் பிறகும் பிழைக்கவில்லை என்பது வேறு. வெறுங்காலோடு திரிந்து முள் தைத்ததும் தெரியாமல் புண் வைத்து, அதில்தான் இரண்டு விரல் போயிற்று. “செருப்பு எங்கேடா?” என்று கேட்டீர்கள். “செய்யாத்துல அடிச்சிக்கினு பூடுச்சிம்மா” என்றேன். நீங்கள் நம்பினீர்கள்.

இலவசமாகக் கொடுத்தால் மதிக்கமாட்டார்கள் என்று நீங்கள் முடிவு கட்டினீர்கள். நான் மதிக்காமல் விற்கவில்லை அம்மா. பசித்து விற்றேன். நீங்கள் விலை வைத்ததும் எங்கள் பசி போய்விடவில்லை. செருப்புதான் போயிற்று.

இன்னொன்றும் சொல்கிறேன். நம் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் உத்திரமேரூர் கடைத்தெருவில் நடந்து பாருங்கள். கறுப்பு ரப்பரைக் கண்டதும் டீக்கடைக்காரன் டம்ளரை உள்ளே எடுத்து வைத்துவிட்டுக் கொட்டாங்குச்சியை நீட்டுகிறான். பஸ்ஸில் கண்டக்டர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்க்கிறான். இந்த மரியாதைக்கு நாலரை ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கிறது.

போன ஆண்டு விழாவில் தலைவர் அறிக்கை படித்தாரே, ‘நோயாளிகளே தங்கள் வைத்தியச் செலவைத் தாங்கிக்கொள்கிறார்கள்’ என்று. பந்தலில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதை நினைத்தால் இப்போது கை கூசுகிறது. நாலு ஊர் பெரிய மனிதர்கள் கொடுக்க வேண்டியதை நடவுக்காரியிடம் வாங்கிக்கொண்டு, அவளுக்கே கைதட்டுகிறோம்.

என் புண்ணை நீங்கள் கழுவியதை மறந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் நியாயம் கேட்டவனிடம் அதை எடுத்துக் காட்டினீர்களே, அதற்கும் விலை வைத்திருக்கிறீர்களா அம்மா?

செல்லாயி அக்காவால் எழுந்து நிற்க முடியவில்லை. வண்டி கேட்டேன், தரவில்லை. வாடகைச் சைக்கிள் கேட்டேன். “அந்தம்மாவ ஏத்தறதுன்னா வோணாம்” என்றான் சைக்கிள் கடைக்காரன். உங்கள் வேன் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ஐந்து நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கள்.

எல்லப்பன்


காஞ்சிபுரம்
24-6-1963

எல்லப்பனுக்கு,

வேனை நிறுத்தினேன். டிரஸ்ஸரை விடாமல் நானே இறங்கினேன். உங்கள் காலனியில் பிள்ளைகள் வழி காட்டினார்கள். அவள் கட்டியிருந்த துணியை அவிழ்த்தபோது குதிகால் எலும்பு தெரிந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்து கழுவிக் கட்டினேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும் என்று சொல்லிச் சீட்டும் எழுதிக் கொடுத்தேன். “நடவு முடியட்டும்மா, நான் போயிட்டா கூலிய வேற ஆளுக்குக் குட்த்துடுவாங்க” என்கிறாள். அந்தக் காலோடு நடவுக்குப் போவதாக இருக்கிறாள்! நீ பக்கத்தில் இருந்து என்ன செய்கிறாய்?

நான் இருந்த நேரம் முழுவதும் நீ கண்ணில் படவில்லை. கடிதத்தில் அவ்வளவு பேசுகிறவன் என் முகத்தைப் பார்க்க ஏன் பயப்படுகிறாய்?

நீ செருப்பை விற்றதைப் படித்து எனக்குத் துக்கமாக இருந்தது. விற்றதற்காக அல்ல. நம்பி இரண்டு விரலுக்குக் கட்டுக் கட்டியவளிடம் எட்டு வருடம் பொய்யை வைத்துக்கொண்டிருந்தாயே, அதற்காக.

விலை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்த வாரம் வரிசையில் எல்லோரிடமும் ஒன்றரை ரூபாய்தான் இருக்கும். பெட்ரோல் இல்லாமல் வேன் நின்றால் உன் செல்லாயிக்கு யார் வந்து கட்டுக் கட்டுவார்கள்? சமாதானம் சொல்.

உனக்குச் சேரவேண்டிய சம்பளத்தை மணியார்டரில் அனுப்பியிருக்கிறேன்.

ஆண்டாளம்மாள்


திருப்புலிவனம்
2-8-1963

அம்மா அவர்களுக்கு,

செல்லாயி அக்காவைப் பத்து நாளுக்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். உங்கள் மணியார்டர் பணத்தில்தான் வண்டி வைத்தேன். அதுவரை அவள் வர ஒப்பவில்லை, நினைவு தப்பிய பிறகுதான் தூக்கிக்கொண்டு போனோம். செவ்வாய்க்கிழமை வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள்.

அன்று நீங்கள் வந்தபோது நான் ஒளிந்துதான் இருந்தேன். உங்களைப் பார்த்தால் எனக்கு அழுகை வந்துவிடும். அழுதால் திரும்ப வந்து அந்த மேஜையில் உட்கார்ந்துவிடுவேன்.

எல்லப்பன்


காஞ்சிபுரம்
9-8-1963

எல்லப்பனுக்கு,

கார்டு கிடைத்தது.

ஜூன் மாதமே அவளைக் கையோடு வேனில் ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும். அன்று உத்திரமேரூரில் நூறு பேர் காத்திருந்தார்கள், சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். அந்தத் தவறு என்னுடையது. ஒப்புக்கொள்கிறேன்.

புண் ஆறியதும் வியாழக்கிழமை அழைத்து வா. இன்னொரு பாதத்தையாவது காப்பாற்ற வேண்டும்.

ஆண்டாளம்மாள்


திருப்புலிவனம்
18-10-1963

அம்மா அவர்களுக்கு,

அழைத்து வரச் சொன்னீர்கள். நேற்று அழைத்துப் போனேன். நீங்கள் ஏதோ கூட்டத்துக்காக மதராஸ் போயிருந்ததாகச் சொன்னார்கள். நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கக்கத்தில் கட்டை வைத்து ஊன்றிக்கொண்டு செல்லாயி அக்கா வரிசையில் ஒரு மணி நேரம் நின்றாள். டாக்டர் ஐயா இடது காலைப் பார்த்துச் சீட்டு எழுதினார். இரண்டேகால் ரூபாயை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். ஒற்றைச் செருப்புக்குப் பாதி விலை என்று அவளே கணக்குப் போட்டு, காலனியில் ஐந்து வீட்டில் கைமாற்று வாங்கியது.

தாமோதரன் சீட்டைப் பார்த்தான். அவள் காலைப் பார்த்தான்.

“ஜோடியாத்தாம்மா குடுப்போம். நாலரை ரூபா.”

“இன்னொண்ண எந்தக் காலுக்குப் போடறது சார்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? ரசீதுப் புக்குல ஜோடின்னுதான் அச்சடிச்சிக் கீது.”

“ஒண்ண நீயே வெச்சிக்க சார். பாதி வெலைக்கி ஒண்ணு குடு.”

“மிச்ச ஒண்ண நான் யாருக்கு விக்கறது?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “எனக்கு எதிர்க்காலு இல்லாத ஆளு எங்கனா இருப்பான். அவன் வருவான் சார், எடுத்து வையி” என்றாள்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை அம்மா. நிஜமாகவே வழி சொன்னாள். வரிசையில் முப்பது பேர் நின்றார்கள், ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. நான்தான் மேஜையைப் பிடித்துத் தள்ளினேன். செருப்பெல்லாம் மண்ணில் சிதறிற்று. நான் தைத்த செருப்புகளும் அதில் கிடந்தன. “இன்னாத்துக்குக் கத்தற எல்லப்பா, எல்லாரும் பாக்கறாங்க” என்று அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்தாள். மேஜையைத் தள்ளியதற்கு நான் வருத்தப்படவில்லை.

தாமோதரன் கெட்டவன் இல்லை. மே மாதம் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அவளைத் தார் ரோட்டுக்கு அனுப்பியவனும் நான்தான். அந்த மேஜைக்குப் பின்னால் யாரை உட்கார வைத்தாலும் கொஞ்ச நாளில் அப்படித்தான் பேசுவான். நோய்க்காரனிடம் இலாபம் வாங்க ஆரம்பித்தால் அவன் வாங்குகிறவன், நாம் விற்கிறவர்கள், அவ்வளவுதான். அப்புறம் காலைப் பார்க்கத் தோன்றாது.

இரண்டு மாதமாக நானே இங்கே செருப்பு தைக்கிறேன். மூர் மார்க்கெட்டுக்குப் போய் ஸ்பாஞ்ச் ரப்பரும் பழைய லாரி டயரும் வாங்கி வந்தேன். மேல்பக்கம் ஸ்பாஞ்ச், அடியில் டயர், ஆணி கிடையாது. செல்லாயி அக்கா உட்கார்ந்தபடியே பசை தடவி ஒட்டுகிறாள், வார் அறுக்கிறாள். டாக்டர் பார்த்துச் சீட்டு எழுதின செருப்புதான் வேண்டும் என்று அதுவரை அவள் என்னைத் தனக்குத் தைக்க விடவில்லை. நேற்று வீட்டுக்கு வந்ததும் அவள் இடது காலுக்கு ஒன்று தைத்துப் போட்டேன். ஒன்றுதான் தைத்தேன். ஒற்றைச் செருப்பு தைப்பது ஒன்றும் முடியாத காரியமில்லை.

உங்கள் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறேன். வேனுக்குப் பெட்ரோல் வேண்டும், கட்டுத் துணி வேண்டும். வாஸ்தவம். இலாபம் வையுங்கள், ஆனால் நல்ல கால் உள்ளவனிடம் வையுங்கள். நம் செருப்பு மெத்தென்று இருக்கிறது, முள் ஏறாது, இரண்டு வருடம் உழைக்கும். டிரைவருக்கும் வாத்தியாருக்கும் மில்காரனுக்கும் ஐந்து ரூபாய்க்கு விற்கலாம். அதில் வரும் மிச்சத்தை வைத்து நோயாளிகளுக்குச் சும்மா கொடுக்கலாம். ஊரில் பத்து நல்ல கால் கறுப்புச் செருப்பு போட்டு நடந்தால் டீக்கடைக்காரனுக்கு எது யார் கால் என்று தெரியாது.

இதைச் செய்ய எனக்குத் தடையாக இருப்பது ஒன்றுதான். போன வாரம் சின்னராசு என்கிற லாரி டிரைவர் ஒரு ஜோடியைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தார். “மெத்து மெத்துனு கீதே, யாரு தெச்சது?” என்றார். “நாந்தான்” என்றேன். என் மடங்கின கைவிரலைப் பார்த்தார். செருப்பைக் கீழே வைத்துவிட்டுக் கையை லாரியில் துடைத்துக்கொண்டார்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். உங்களைக் கேட்கிறேன். பன்னிரண்டு வருடமாக இந்தச் சங்கத்தை நடத்துகிறீர்கள். எங்கள் புண்ணைத் தொடுகிறீர்கள். எங்கள் கை தைத்த செருப்பை ஒரு நாளாவது காலில் போட்டதுண்டா?

எல்லப்பன்


காஞ்சிபுரம்
12-11-1963

எல்லப்பனுக்கு,

உன் கடிதத்தைக் கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டுபோய் முழுவதும் படித்துக் காட்டினேன். மேஜையைத் தள்ளிய இடத்தையும் விடவில்லை.

ஒற்றைச் செருப்பு விஷயத்தில் எல்லோருக்கும் வருத்தம்தான். ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் தீர்மானம் நிறைவேறியது: ‘ஒரு கால் இழந்த நோயாளிகளுக்கு ஒற்றைச் செருப்பு பாதி விலைக்கு வழங்கப்படும்.’ பெரிய அநீதி ஒன்றைத் தீர்த்துவிட்ட திருப்தி எல்லோர் முகத்திலும் தெரிந்தது. காப்பி வந்தது. அந்தத் தீர்மானத்தின் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. போடும்போதே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, இருந்தும் போட்டேன். பாதி விலையாவது குறைகிறதே என்று போட்டேன்.

நல்ல கால் உள்ளவர்களுக்கு விற்கும் யோசனையை எடுத்தேன். உடனே ஒருவர், “நோயாளி கை பட்ட செருப்பை ஊரார் எப்படிம்மா காலில் போடுவாங்க?” என்றார். தொடக்க நாளிலிருந்து கமிட்டியில் இருப்பவர். வைத்தியம் செய்துகொண்டவர் கையிலிருந்து வியாதி பரவாது என்று டாக்டர் ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் சொல்வதை முன் வரிசையில் உட்கார்ந்து கேட்பவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். பதில் சொல்ல வாயெடுத்தபோது என் கால் கண்ணில் பட்டது. மதராஸில் வாங்கிய தோல் செருப்பு. உட்கார்ந்துவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. ஒரு நாள்கூட இல்லை. தோன்றவே இல்லை. புண்ணைத் தொட்ட கைக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து ராஜினாமா எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன். நான் போனால் வியாழக்கிழமையும் போய்விடும். கமிட்டியில் அதற்காக வருத்தப்படக்கூடியவர் ஒருவரும் இல்லை. அதனால் உள்ளேயே இருந்து சண்டை போடப்போகிறேன். அடுத்த கூட்டத்தில் விலையை மறுபடியும் எடுப்பேன். அதற்கடுத்த கூட்டத்திலும் எடுப்பேன். நீ நினைப்பதுபோல எல்லாவற்றிலும் உன் பக்கம் நியாயம் என்று நான் இன்னும் ஒப்பவில்லை. நல்ல கால்காரர்கள் வாங்காவிட்டால் பெட்ரோலுக்கு என்ன வழி என்று நீ சொல்லவே இல்லை. ஆனால் முதலில் வாங்க வேண்டியது யார் என்று சொல்லிவிட்டாய்.

இத்துடன் ஒரு பழுப்புக் காகிதம் இருக்கிறது. என் இரண்டு பாதத்தையும் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டிருக்கிறேன். என்னால் குனிய முடியவில்லை. சமையலுக்கு இருக்கும் முனியம்மாள்தான் கோடு போட்டாள். கறுப்பு ரப்பரிலேயே தை. விலையை நீயே சொல்.

ஆண்டாளம்மாள்


திருப்புலிவனம்
21-11-1963

அம்மா அவர்களுக்கு எல்லப்பன் எழுதுவது.

செருப்பு தயாராகிவிட்டது. உங்கள் இடது காலில் பெருவிரல் பக்கம் எலும்பு துருத்திக்கொண்டிருப்பது காகிதத்தில் தெரிந்தது. பன்னிரண்டு வருடத்தில் உங்கள் காலை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. அந்த இடத்தில் வார் உரசாமல் தள்ளித் தைத்திருக்கிறேன்.

பாதி விலைத் தீர்மானத்தைச் செல்லாயி அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். எட்டுப் பேர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசி முடிவு செய்தது என்றும் சொன்னேன். “அந்த எட்டுப் பேருக்கும் ரெண்டு ரெண்டு காலு கீதா?” என்று மட்டும் கேட்டாள்.

உங்கள் செருப்புக்கு என்ன விலை வைப்பது என்று எனக்கு இரண்டு நாள் ஓடவில்லை. அவளைக் கேட்டேன். பசை தடவிக்கொண்டே சொன்னாள்:

“அந்தம்மாவுக்கு ரெண்டு காலும் நல்லாத்தான கீது? ரெண்டு ஜோடி வெலையா வாங்கு.”

“அக்கா, என் புண்ணக் கழுவுனவங்க அவங்க.”

“என் புண்ணையும்தான் கழுவுனாங்க. அதுக்கு நம்ம வூட்டாண்ட வந்தா உக்கார வெச்சி காப்பித் தண்ணி குட்ப்போம். செருப்பு வேற, அது வேற.”

அதனால் விலை பத்து ரூபாய். ஐந்து ரூபாய் உங்கள் செருப்புக்கு. மற்ற ஐந்து ரூபாயில் திருமுக்கூடலில் ஜெயம்மாள் என்று ஒரு பெண்ணுக்குத் தைக்கிறோம். ஆற்றங்கரையில் மணல் அள்ளப் போகிறவள், பத்தொன்பது வயது. வாரம் இரண்டாகிறது அவள் பாதத்தில் உணர்ச்சி போய். அளவெடுத்து வைத்துவிட்டேன். அவளிடம் காசு கேட்கவில்லை.

பெட்ரோலுக்கு வழி சொல்லவில்லை என்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை அம்மா. தெரிந்ததுபோல எழுத மாட்டேன். செல்லாயி அக்காவின் முந்தானை முடிச்சில் இல்லை என்பது மட்டும் தெரியும்.

செருப்பைத் தபாலில் அனுப்ப மாட்டேன். வியாழக்கிழமை வேனை எங்கள் தெரு முனையில் நிறுத்தி இறங்கி வாருங்கள். இந்தத் தடவை ஒளியமாட்டேன். காலில் போட்டுக்கொண்டு அப்படியே உத்திரமேரூருக்குப் போங்கள், கடைத்தெருவில் நடங்கள், டீக்கடையில் டீ கேளுங்கள். கமிட்டிக்கும் அதோடு போங்கள். யார் தைத்தது என்று கேட்டால் எங்கள் இரண்டு பேர் பெயரையும் சொல்லுங்கள்.

கோபம் தீர்ந்ததா என்று வந்து கேட்காதீர்கள். தீரவில்லை. எடுத்த காலை என்ன செய்தார்கள் என்றுகூட எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதை நினைக்கும்போது முதலில் என்மேல் வருகிறது, பிறகு உங்கள்மேல் வருகிறது. எப்போது தீரும் என்று தெரியாது.

விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். உங்களிடம் இலாபம் வாங்க எனக்கு வெட்கமில்லை.

எல்லப்பன்